துணைக்குப் போவது

(நெய்வேலி நகரியத்தில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிலம், கூலி, வன்கொடுமை, ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம் என்று பேசிப் பழகிய இடத்தில் கருக்கலைப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இது பொம்பளைங்க சமாச்சாரம், இயக்கத்துக்கு எதுக்கு?" என்று நினைக்கிற தோழர்கள் இங்கே இருப்பீர்கள். அகமணம்தான் சாதியின் உயிர்நிலை என்று அம்பேத்கர் 1916லேயே சொல்லிவிட்டார். அப்படியென்றால் எந்த வயிற்றில் யாருடைய கரு வளரலாம், வளரக் கூடாது என்கிற காவலில்தான் சாதியே நிற்கிறது. அந்தக் காவலுக்கு முன்னால் ஒருத்தி தனியா நிற்கும்போது அவளுக்குத் துணைக்குப் போவது இயக்க வேலை இல்லையென்றால், வேறு எதுதான் இயக்க வேலை?

அமெரிக்காவில் இதற்கென்றே தொண்டர்கள் இருக்கிறார்கள். கருக்கலைப்பு நடக்கும் மருத்துவமனை வாசலில் மதவாதிகள் கூட்டமாக நின்று, உள்ளே போகிற பெண்களைக் கொலைகாரி என்று கூச்சல் போடுவார்கள். காரிலிருந்து இறங்குகிற பெண்ணோடு கதவு வரைக்கும் நடந்து போவதுதான் தொண்டர் வேலை. 1994 ஜூலை 29 அன்று ஃபுளோரிடா மாநிலம் பென்சகோலாவில், ஜேம்ஸ் பாரெட் என்ற 74 வயதுத் தொண்டரையும் அவர் அழைத்து வந்த டாக்டர் ஜான் பிரிட்டனையும் மருத்துவமனை வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். 1973 முதல் அங்கே இருந்த அரசியல் சட்ட உரிமையையும் 2022 ஜூன் 24 அன்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் பறித்துவிட்டது.

நம்ம ஊரில் அப்படிக் கூட்டம் நிற்பதில்லை. 1971லேயே சட்டம் வந்துவிட்டது. அப்புறம் எதுக்குத் துணை? நம்ம ஊரில் கூட்டம் கேள்வியாக நிற்கிறது, தோழர்களே. "கல்யாணம் ஆச்சா? புருசன் வரலையா? யாரு கையெழுத்துப் போடறது? எந்த ஊரு, எந்தத் தெரு?" அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த நகரியத்தையே பாருங்கள். வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ். அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவர் பக்கத்து வீட்டில் இருப்பார். ஒரு பெண் மருத்துவமனைக்குப் போன சேதி ஷிப்டு முடிவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடும். அதனால் யாருக்கும் தெரியாத இடம் என்று கடலூருக்கும் பாண்டிக்கும் பஸ் ஏறுகிறார்கள். நகரியத்துக்கு வெளியே இருக்கிற பெண்ணுக்கு வேறு கணக்கு. ஒப்பந்தத் தொழிலாளியின் சம்சாரம், குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கிற அக்கா, முந்திரிக்கொட்டை உடைக்கிற பாப்பா, இவர்களுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் காசு வேணும், பிள்ளையை யாரிடமாவது விடணும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போகிறது. கடைசியில் மருந்துக்கடையில் யாரோ சொன்ன மாத்திரை, இல்லாவிட்டால் எருக்கங்குச்சி. கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை கலைக்காது. குழாய் வெடித்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். சாவு அப்படித்தான் வருகிறது. பாவத்தால் வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மாணவர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். புருசன் கையெழுத்தும் வேண்டாம், அப்பன் கையெழுத்தும் வேண்டாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பமான பிறகு புருசனை இழந்தவர்கள் போன்றோருக்கு இரண்டு டாக்டர்கள் சொன்னால் 24 வாரம் வரை. கல்யாணம் ஆகாதவளுக்கும் அந்த 24 வாரம் உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக் கூடாது என்றும் அதில் சொல்லியிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டால்தான் கலைப்போம் என்பது அப்படிப்பட்ட நிபந்தனைதான். அவள் பெயரை வெளியே விடுவது குற்றம். 18 வயதுக்குக் கீழே என்றால் காப்பாளர் சம்மதம் வேண்டும். போலீசுக்கும் தகவல் போகும். ஆனால் அந்தப் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அவள் யார் என்பதை டாக்டர் அந்தத் தகவலில் சொல்லத் தேவையில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பேசியதே பாதிதான். கலைக்க விடாமல் தடுப்பதும் சாதி, கட்டாயப்படுத்திக் கலைப்பதும் சாதி. நம்ம விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் கண்ணகி, முருகேசன் இருவருக்கும் விஷம் கொடுத்து எரித்தார்களே, சாதி மாறிக் கல்யாணம் செய்தார்கள் என்பது மட்டும்தானே குற்றம்? அந்தச் சாதிவெறி வயிற்றை மட்டும் சும்மா விடுமா? சேரிப் பையனைக் கட்டியவளை வீட்டுக்கு இழுத்துப் போய்க் கலைக்கச் சொல்வார்கள். சேரிப் பெண்ணைக் கெடுத்த மிராசு மகனைக் காப்பாற்ற, சாட்சியை அழிக்கிற மாதிரி கலைக்கச் சொல்வார்கள். "நம்ம இனம் பெருகணும், பெத்துக்கோ" என்று நம்ம ஆட்களே ஒருத்தியை மடக்குவதும் நடக்கிறது. பெண்ணின் சம்மதமில்லாமல் கலைப்பது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம், நியாய சங்கிதையின் 89ஆம் பிரிவு. ஆகவே துணைக்குப் போகிறவர் கலைப்புக்குத் துணை இல்லை. அவள் முடிவுக்குத் துணை. கதவருகே போய், "அக்கா, எனக்கு வேணாம், திரும்பிடலாம்" என்று அவள் சொன்னால், எதுவும் கேட்காமல் கூடத் திரும்பி வருகிறவர்தான் துணை.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு இல்லை. 1863இல் புனேயில் ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும், கர்ப்பமாகிக் கைவிடப்பட்ட விதவைகளுக்குப் புகலிடம் திறந்தார்கள். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் பார்ப்பன விதவைகள். யாருடைய பிள்ளை என்று யாரையும் கேட்கவில்லை. அங்கே பிறந்த ஒரு குழந்தையைத் தம் மகனாகவே வளர்த்தார்கள். 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில், கருத்தடை வசதிகளை அரசே செய்துதர வேண்டும் என்று அம்பேத்கர் எழுதித் தந்த தீர்மானத்தை ரோகம் கொண்டுவந்தார். சபை தோற்கடித்தது. பெரியார் அதற்கும் முன்பே கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையோடு சேர்த்துப் பேசினார். நாம் அந்த வழியில் வந்தவர்கள்.

சரி, என்ன செய்யணும்? பெரிய அமைப்பெல்லாம் வேண்டாம். கிளைக்கு இரண்டு பெண்கள் போதும். அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த டாக்டர் என்று முன்னாடியே விசாரித்து வையுங்கள். அவளைக் கேட்கிற கேள்விக்கு அவளே பதில் சொல்லட்டும். அவளுக்குப் பதிலாக நாம் பேசக் கூடாது. புருசன் கையெழுத்துக் கேட்டால் மட்டும் சட்டத்தைச் சொல்லுங்கள், சத்தம் போடாமல். மாற்றுத்துணி, நாப்கின், சாப்பாடு கையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் நனைந்து, அதுவும் தொடர்ந்து இரண்டு மணி நேரம் அப்படியே போனால், காய்ச்சல் விடாமல் இருந்தால், நாற்றமடித்தால், உடனே மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆண் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. பஸ் காசு, அந்த ஒரு நாள் கூலி, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலே, வாயை மூடிக்கொண்டிருப்பது. டீக்கடையில் ஒரு வார்த்தை விழுந்தால் அங்கே ஒரு உயிர் போகலாம். யார், எவன், எப்படி என்று கேட்காத ஆம்பிளைதான் இந்த வேலைக்குத் தகுதியானவர்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு இருக்கும். வருகிறவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். போகிற பெண்களின் பெயரை எந்த நோட்டிலும் எழுத மாட்டோம்.

ஜெய்பீம்.