வெட்டுண்ட செட்டை மீண்டும் வளர்வது எவ்வாறு?

கனகராயன்குளத்திற் பிடித்த சிறுமீனைப் போத்தலில் விட்டு வளர்க்கும் சிறுவனுக்கு ஒரு புதுமை கண்ணிற்படுவதுண்டு. கிழிந்திருந்த வாற்செட்டை சில வாரங்களிற் பழைய வடிவிலேயே வளர்ந்து நிற்கும். அவன் வாழும் வன்னியிலோ, 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரினாலும் கண்ணிவெடிகளினாலும் காலிழந்தோர் பலர். மீனுக்கு வாய்த்த பேறு மனிதனுக்கு ஏன் வாய்க்கவில்லை?

இவ்வினாவுக்கு விடைகாண விஞ்ஞானிகள் தெரிந்தெடுத்தது, கங்கைச் சமவெளிக்குரிய வரிக்குதிரை மீனை. இதன் நீளம் ஏறத்தாழ ஒன்றரை அங்குலமே. இதன் வாற்செட்டையை நறுக்கினால், ஒரு நாளுக்குள் தோல் காயத்தை மூடிவிடும். அதன் கீழே முதிர்ந்த கலங்கள் தம் தொழிலை விடுத்து, மீண்டும் இளமையெய்திக் குருத்துப்போல் ஒன்றுகூடும். எலும்பிலிருந்து வந்த கலம் எலும்பையே ஆக்கும். பிற இழையங்களும் அவ்வாறே. இரண்டு மூன்று வாரங்களிற் செட்டை நிறைவுபெறும்.

இவ்வேலையை ஏவுவன பரம்பரையலகுகள். எஃப்.ஜி.எஃப். 20 என்னும் பரம்பரையலகு பழுதுற்ற மீன்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது. அம்மீன்களுக்கு இளமையிற் செட்டை செவ்வனே வளர்ந்தது. வெட்டிய பின்னரோ குருத்து எழவில்லை. முதல் வளர்ச்சிக்கு வேண்டப்படாத கட்டளை மறுவளர்ச்சிக்கு இன்றியமையாததாயிற்று. வளர்ச்சிக்கு எல்லையும் வேண்டும். பொற்றாசியத்தைக் கடத்தும் வாயிலொன்றின் பரம்பரையலகு மாறுபட்ட மீன்களிற் செட்டை அளவு மீறி நீள்வதை 2014இற் கண்டறிந்தனர்.

இப்பரம்பரையலகுகள் மனிதனிடம் இல்லையா? உண்டு. மனிதப் பரம்பரையலகுகளில் 100க்கு 70 வரையிலானவற்றிற்கு இம்மீனிலும் ஒத்தவை உள என 2013இல் வெளியாயிற்று. எஃப்.ஜி.எஃப். 20 மனிதனிடத்தும் இருக்கின்றது. குளம் நிறைந்திருந்தும் துருசு திறவாவிடின் வயலுக்கு நீர் பாயாது. அதுபோலப் பரம்பரையலகு இருந்தும், காயம் பட்டவுடன் அதனைத் திறந்துவிடும் பகுதியும் வேண்டும். மீனின் அத்தகைய பகுதியொன்றை எலியின் உடலிற் சேர்த்தபோது, எலிக்குட்டியின் காயத்திலும் அது விழித்தெழுந்ததென 2016இல் அறிவித்தனர்.

மனிதனும் இவ்வாற்றலை முற்றாக இழந்தவனல்லன். குழந்தையின் விரல் நுனி துண்டிக்கப்பட்டாலும், நகத்தின் அடி எஞ்சியிருப்பின் அது மீண்டும் வளர்வதுண்டு. ஆயினும் இழந்த காலை வளர்க்கும் வழி இன்னும் கைவரவில்லை. கட்டுப்பாடின்றிக் கலங்கள் பெருகுவதே புற்றுநோயாதலின், துருசைத் திறப்பதுடன் உரிய வேளையில் அடைக்கவும் அறிதல் வேண்டும். அதுவரை செயற்கைக் காலே அவருக்குத் துணை.