சுவருக்கும் மூச்சு வேண்டும்

பினாங்கு ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அங்குள்ள பழைய கடைவீடுகளில் உப்புப் பூத்த சுவருக்குச் சிலர் சிமெண்டு பூசிவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் பூச்சு பெயர்ந்து விழுகிறது. பாவம், திட்டு வாங்குபவர் கொத்தனார்!

அந்தக் காலச் செங்கல் தரையின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் வழியே அதை வெளியே விட்டுவிடும். சிமெண்டோ அடைத்துவிடும். உள்ளே சிக்கிய உப்பு படிகமாகி, செங்கல்லையே மாவாக உதிர்க்கும்.

சிமெண்டு மட்டமானதல்ல. 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைச் சுண்ணாம்பால் கட்ட முடியுமா? எது எதனோடு ஒத்துப்போகும் என்று ஆராய்வது பொருளறிவியலாளர் வேலை.

வீட்டுக்காரர்களே, பழைய பூச்சைச் சற்றுச் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்பு என்றால் சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள்.