நெடுஞ்சாலைக்கு யார் காவல்?

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோட்டுக் கடைகள் ஷட்டரை இறக்கும் வேளையில், கூப்பிடு தூரத்திலிருக்கும் யஷ்வந்த்புரம் மார்க்கெட் யார்டில் லாரிகளுக்குப் பொழுது விடிகிறது. மூட்டை ஏறி முடிந்ததும் கிளீனர் தார்ப்பாயை விரித்துக் கயிற்றைக் கொக்கிக்குக் கொக்கி இழுத்துக் கட்டுவார். கடைசி முடிச்சை மட்டும் டிரைவர் தன் கையால் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். மழைக்கு அஞ்சி மட்டும் போடுகிற முடிச்சு அல்ல அது. ஓடும் லாரியின் பின்னால் தொற்றி ஏறித் தார்ப்பாயைக் கிழித்து, சரக்கை ரோட்டில் தள்ளிவிட்டு இறங்கிப் போகிற கும்பல்களின் கதை வடக்கே போய் வரும் எல்லா டிரைவருக்கும் தெரியும்.

தென்னாட்டிலும் அப்படி ஒரு கதை நடந்தது, 2020 அக்டோபரில். ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து மும்பைக்கு ரெட்மி கைபேசிகள் ஏற்றிய கன்டெய்னர் லாரி, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூரை நோக்கி வந்துகொண்டிருந்தது. சூளகிரி அருகே மேலுமலைப் பகுதியில் அதை மறித்த கும்பல், உள்ளே இருந்தவர்களை அடித்துக் கட்டிப்போட்டு, சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டது. போன சரக்கின் மதிப்பு சுமார் 15 கோடி ரூபாய். அந்த லாரி ஊர் போய்ச் சேர்ந்திருந்தால் பெங்களூரைக் கடந்து தும்கூர் நெடுஞ்சாலையைத்தான் பிடித்திருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆந்திரத்தின் நகரி அருகிலும் கைபேசி லாரி ஒன்று இதே பாணியில் பறிபோயிருந்தது.

தமிழ்நாட்டுப் போலீசின் தனிப்படைகள் மத்தியப் பிரதேசம் வரை போய் ஆட்களைப் பிடித்தன. துப்புத் துலக்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நகரியில் நடந்தது ஆகஸ்டில். சூளகிரி நடந்தது அக்டோபரில். நடுவில் இருந்தது இரண்டு மாதம். அதே மாதிரிச் சரக்கு ஏற்றிப்போன டிரைவர்களை யாராவது கூப்பிட்டு, "இந்த இடத்தில் நிறுத்தாதே, இப்படி மறித்தால் இந்த எண்ணுக்குப் பேசு" என்று சொல்வதற்குப் போதுமான காலம் அது. அப்படிச் சொல்வதை வேலையாக வைத்திருக்கும் அமைப்புதான் நம்மிடம் இல்லை.

அமெரிக்கர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். அங்குள்ள லாரித் தொழில் சங்கம் 'ஹைவே வாட்ச்' என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. விபத்தையும் பழுதாகி நிற்கும் வண்டியையும் கண்டால் தகவல் கொடுக்கும்படி டிரைவர்களைப் பழக்குவது அதன் வேலை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதற்குப் பணம் கொடுத்தது. சந்தேகத்துக்குரிய நடமாட்டத்தைக் கவனிக்கவும் பயிற்சி தரப்பட்டது. பின்னர் 2008இல் வேறு திட்டம் அதன் இடத்துக்கு வந்தது. ரோட்டை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பவன் டிரைவர், அவன் பார்த்ததை வாங்கிக்கொள்ள ஒரு காது வேண்டும் என்பதே ஹைவே வாட்சின் அடிப்படை.

நம் நாட்டிலும் அரசும் போக்குவரத்துத் தொழிலும் கைகோக்காமல் இல்லை. 2018 ஏப்ரலில் இ-வே பில் வந்தது. மாநிலத்துக்குள்ளேயே ஓடும் சரக்குக்கும் அதை முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்கியது கர்நாடகம்தான். 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயமானது. எந்த லாரி எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது இன்று அரசுக்கு அத்துப்படி. பயணிகள் வண்டிகளில் ஜி.பி.எஸ். கருவியும் ஆபத்துக்கால பட்டனும் பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள். வரி ஏய்ப்பைப் பிடிக்க உதவும் இந்தத் தகவலை, சுங்கச்சாவடியிலிருந்து புறப்பட்டு அடுத்த சாவடிக்கு வந்து சேராத லாரியைத் தேடவும் பயன்படுத்தலாமே என்று கேட்டால், அது வேறு துறை என்று பதில் வரும்.

எல்லை தாண்டும் வண்டிகளின் பாதுகாப்பு என்றால் பெங்களூர்த் தமிழர்களுக்கு நினைவு வருவது வேறொரு நாள். 2016 செப்டம்பர் 12. காவிரி நீர் பற்றிய நீதிமன்ற உத்தரவையொட்டிக் கலவரம் மூண்டபோது, மைசூர் ரோட்டுப் பக்கமுள்ள டிப்போ ஒன்றில் கே.பி.என். நிறுவனத்தின் பஸ்கள் நாற்பதுக்கு மேல் எரிந்தன. டி.என். பதிவெண் கொண்ட லாரிகள் கண்ட இடத்தில் தாக்கப்பட்டன. பஸ்கள் எல்லையோடு நின்றுபோக, பெட்டியைத் தலையில் வைத்தும் பிள்ளையை இடுப்பில் வைத்தும் ஜனங்கள் அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தார்கள். அந்த உத்தரவு வந்தது செப்டம்பர் 5ஆம் தேதி. ஒரு வாரம் கையில் இருந்தது. எந்த வண்டியை எங்கே நிறுத்துவது, எந்த டிப்போவுக்குக் காவல் போடுவது என்று இரு மாநில அதிகாரிகளும் வண்டி முதலாளிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால், சேதம் இவ்வளவுக்குப் போயிருக்காது.

கூட்டு என்றால் இரு தரப்புக்கும் நம்பிக்கை வேண்டும். கஷ்டம் இருப்பது அங்கேதான். சேவ்லைஃப் அறக்கட்டளை பெங்களூர் உட்படப் பத்து நகரங்களில் லாரி டிரைவர்களிடம் எடுத்த ஆய்வு 2020இல் வெளியானது. ஐந்தில் நான்கு பேருக்கு மேல், போன நடையில்கூட யாரோ ஓர் அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். காக்கிச் சட்டையைக் கண்டதும் சட்டைப்பையைத் தடவுகிற டிரைவர், ஓரமாகச் சந்தேகத்தோடு நிற்கிற வண்டியைப் பற்றி அதே காக்கியிடம் போய்ச் சொல்வாரா? "நீ எங்கே போகிறாய், பர்மிட்டைக் காட்டு" என்பதுதான் முதல் கேள்வியாக வரும் என்று அவருக்குத் தெரியும்.

பேசினால் வழி பிறக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. வண்டி மோதி ஆள் இறந்தபின் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய சட்டப்பிரிவை எதிர்த்து 2024 புத்தாண்டில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பல ஊர்களில் பெட்ரோல் பங்க்குகள் காய்ந்ததும், உள்துறைச் செயலர் அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸைக் கூப்பிட்டுப் பேசினார். கலந்து பேசாமல் அந்தப் பிரிவு அமலாகாது என்று வாக்குறுதி கிடைத்தது. ஜூலை 1ஆம் தேதி புதிய குற்றவியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவு மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டது. இந்தப் பேச்சுக்கு நாடே ஸ்தம்பிக்க வேண்டியிருந்தது என்பதுதான் வேடிக்கை.

அதே ஆண்டு பிப்ரவரியில், நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்கென முதற்கட்டமாக ஆயிரம் ஓய்வில்லங்கள் கட்டப்படும் என்று பிரதமர் அறிவித்தார். பாதுகாப்புக் கருவிகளைப் பற்றிய எல்லாப் பேச்சையும்விட டிரைவர்கள் காது கொடுத்துக் கேட்பது இதைத்தான். ராத்திரி இரண்டு மணிக்குக் கண் சொக்கும்போது அவர்கள் தேடுவது விளக்கு எரிகிற, நாலு வண்டி சேர்ந்து நிற்கிற இடம். பல பங்க்குகளில் டீசல் போட்டால்தான் நிறுத்த விடுவார்கள். இடம் கிடைக்காதவர் ரோட்டோரமாக ஒதுங்கி, டயருக்குக் கல்லை அண்டக் கொடுத்து, டீசல் டேங்க் இருக்கும் பக்கமாகக் கிளீனரைப் படுக்க வைத்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொள்கிறார்.