பெண்கள் பேசத் தயங்கும் ஒரு நோய்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மேடையிலே மாதவிடாயைப் பற்றி ஒரு பெண்பிள்ளை பேசலாமா என்று நேற்றுவரை யோசித்துக்கொண்டே இருந்தேன். சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பிடித்து, படம் எடுத்து, ஊரையே அழைக்கும் நாம், அதே பிள்ளைக்குப் பின்னொரு காலம் மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லையென்றால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஆகையால் பேசத் துணிந்தேன்.

சூலக நீர்க்கட்டி நோய், அதாவது பீ. சீ. ஓ. எஸ்., புதிதன்று. 1935-ம் ஆண்டிலே சிக்காகோ நகரத்து வைத்தியர்களாகிய ஸ்ரைன், லெவென்தால் இருவரும் ஏழு பெண்களிடம் கண்ட குறிகளை எழுதிவைத்தார்கள். பெயர்தான் பயமுறுத்துகிறது, அவை உண்மையிற் கட்டிகளல்ல. முதிர்ந்து வெளிவராமல் இடையில் நின்றுவிட்ட சிறு சூற்பைகளே. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடல் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகுதி சூலகத்தைத் தூண்டி ஆண்தன்மைச் சுரப்பைக் கூட்டுகிறது. மாதவிடாய் பிந்துவது, முகத்தில் மயிர் வளர்வது, பரு, கழுத்துக் கறுப்பு எல்லாம் இதனால் வரலாம். கவனியாது விட்டால் நீரிழிவும் தொடரக்கூடும்.

2005, 2006-ம் ஆண்டுகளில் நம் நாட்டில், எங்கள் ஊரைப் போன்ற அரைநகர்ப் பகுதியொன்றிலே, 15 முதல் 39 வயது வரையான 3,030 பெண்களைத் தெரிந்தெடுத்து ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 6.3 பேருக்கு இந்நோய் இருந்தது. முன்னரே அறிந்திருந்தவர்கள் 19 பேர். ஆராய்ச்சி வந்து சொன்ன பின்பு அறிந்தவர்களோ 164 பேர்!

அந்த 164 பேரைப் போன்றவள்தான் நானும். நான் கற்ற மிஷன் பாடசாலையில் உயிரியற் பாடத்தில் அந்தப் பக்கம் வந்தபோது, "வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். வீட்டிலே யார் வாசிப்பது? வலைப்பந்து ஆடிய பிள்ளை, சாதாரணதரப் பரீட்சை வந்ததும் ஆட்டத்தை விட்டு, ரியூஷன் வகுப்பும் பனிஸும் சோடாவுமாக இருந்தேன். மாதவிடாய் நின்றது. "கலியாணம் ஆனால் சரிவரும்" என்றார் ஒரு மாமி. இரண்டு வருடம் வீணாயிற்று. (வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடங்களில் மாதவிடாய் ஒழுங்கின்றி வருவது இயல்பே, தாய்மார் அதற்குக் கலங்க வேண்டாம்.)

உணவில் அதிசயப் பத்தியம் எதுவுமில்லை. இன்ன உணவே சிறந்ததென்று 2023-ம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி நூலும் கூறவில்லை. சோற்றைக் குறைத்துக் கீரையையும் பருப்பையும் மீனையும் கூட்டினோம். வெள்ளைப் பாணுக்குப் பதில் குரக்கன் பிட்டு. பிளேன் ரீயில் சீனி இல்லை. முதல் வாரம் அழுகை வந்தது உண்மை! பருமனானவர்கள் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தாலே பலருக்குப் பலன் தெரியும். மெலிந்தவர்களுக்கும் இந்நோய் வரும். ஆகவே உடம்பைப் பார்த்துப் பரிகாசம் செய்வோர் வாயை மூடுக. சிலருக்கு மருந்தும் வேண்டும். அது அவர்களுடைய சோம்பலின் குற்றமன்று.

கடினமானது நடைதான். வாரத்தில் 150 நிமிடமாவது வேண்டும். நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். ஆனால் குமர்ப்பிள்ளை தனியே நடந்தால் எத்தனை கண்கள், எத்தனை கேள்விகள்! அம்மா துணைக்கு வந்தபடியால் என்னால் முடிந்தது. அம்மாவின் இரத்தச் சீனியும் இறங்கியது, அது வேறு கதை.

காலை ஆறு மணிக்கு நாங்கள் இருவரும் கால்வாய்க்கரையில் நடக்கிறோம். சகோதரிகள் சேர்ந்துகொள்ளலாம். பெரியோர்களே, வழியிற் கண்டால் "எங்கே பயணம்?" என்று மட்டும் கேளாதிருங்கள்.