சிறு தாங்கியும் மூன்று வடுக்களும்

தாங்கி என்றவுடன் இலங்கைத் தமிழர் மனத்தில் முதலில் தோன்றுவது தண்ணீர்த் தாங்கியே. ஆங்கிலத்தில் வழங்கும் 'டாங்க்' என்னுஞ் சொல்லோ இந்நாட்டிற் குளத்தையுங் குறிக்கும். போர்க்களத்துக் கவச வண்டிக்கு இப்பெயர் வாய்த்ததற்கும் தண்ணீரே காரணம் என்றால் நேயர்கள் வியப்படையலாம். 1915 ஆம் ஆண்டில் பிரித்தானியர் அவ்வண்டியை மறைவாக உருவாக்கிய காலத்தில், தண்ணீர் கொண்டு செல்லும் கலங்களே செய்யப்படுகின்றன என்று கதை கட்டிவிட்டனர். மறைவு நீங்கிற்று, பெயர் நிலைத்துவிட்டது.

அத்தகைய யுத்தத் தாங்கியை உள்ளங்கைகளில் ஏந்தத்தக்க சிற்றுருவாகச் செய்யும் பொழுதுபோக்கொன்று உலகின் பல நாடுகளிற் பரவியுள்ளது. அதில் மிகுதியாக வழங்கும் அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்கு. எவரும் நன்கு ஆய்ந்து தெரிந்த எண்ணன்று இது. ஜப்பானின் சிசுவோக்கா நகரிலுள்ள தமியா நிறுவனத்தார் 1960களின் தொடக்கத்தில் 'பாந்தர்' என்னும் ஜேர்மன் தாங்கியின் உருவை வெளியிட்டபோது, அதனுள்ளே மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கிய அளவே பின்னர் உலக அளவாயிற்று.

இனி ஒரு தாங்கியைக் குறிப்பாக எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பொவிங்ரனிலுள்ள தாங்கி அரும்பொருட்சாலையிலே 131 என்னும் இலக்கந் தாங்கிய 'டைகர்' ஒன்று நிற்கின்றது. 1943 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில், துனீசியாவிலே ஜேர்மன் படையினர் விட்டோட, பிரித்தானியர் கைப்பற்றியது அது. பல ஆண்டுத் திருத்த வேலையின் பின் 2003 ஆம் ஆண்டில் மீண்டும் ஓடும் நிலைக்கு வந்தது. சிற்றுருக் கலைஞர் அதனை நாடுவதில் வியப்பில்லை. அளந்து பார்ப்பதற்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் மூலப்பொருள் கண்முன்னே இருக்கின்றதன்றோ?

உண்மைத் தாங்கியின் நிறை ஏறத்தாழ 57 தொன். பீரங்கியோடு அதன் நீளம் எட்டரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. சிற்றுருவில் அந்நீளம் 24 சதமமீற்றராகின்றது. 100 மில்லிமீற்றர் தடித்த முகப்புக் கவசம் மூன்று மில்லிமீற்றருக்கும் உட்பட்டுவிடுகின்றது. உள்ளேயிருந்த ஐந்து மனிதரும் விரலளவினராகின்றனர்.

பொருத்தும் வேலை பொறுமையுள்ளவர்க்கு அரிதன்று. வார்ப்பில் ஒட்டிய எண்ணெய்ப் பசை நீங்கப் பாகங்களைச் சவர்க்கார நீரிற் கழுவுதல், சட்டத்திலிருந்து வெட்டியெடுத்தல், வெட்டுவாயை அரத்தாளாற் தேய்த்தல், பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து ஒன்றாக்கும் திரவப் பசையிட்டு ஒட்டுதல் ஆகிய இவை யாவும் பழக்கத்தால் வரும். எனினும் ஓரிடத்திற் கண் வைத்தல் வேண்டும். டைகரின் உருக்குச் சங்கிலி தன் பாரத்தாலே தொய்ந்து சில்லுகளின் மேற் படிந்து கிடக்கும். பிளாஸ்டிக்குக்கு அப்பாரம் இல்லை. ஆகவே சங்கிலியைச் சில்லுகளோடு சேர்த்து ஒட்டித் தொய்வை வருவித்தாலன்றி, எத்தனை நுட்பமாகச் செய்யினும் அது விளையாட்டுப் பொருளாகவே தோன்றும்.

தீந்தை பூசுவதிலும் இத்தகைய நுட்பம் ஒன்றுண்டு. தொலைவிலுள்ள பொருளின் நிறம் காற்றினூடே வெளிறித் தோன்றுவது இயல்பு. சிற்றுருவை அருகிருந்து பார்ப்பவன், உண்மைத் தாங்கியைத் தூரத்திலிருந்து பார்ப்பவனை ஒத்தவன். அதனால் உண்மையான தீந்தையை அப்படியே பூசினால் நிறம் கடுத்துவிடும். சிறிது வெள்ளை கலந்து இளக்குவர்.

அதன் பின்னரே பழமையூட்டல் வருகின்றது. இக்கலையின் உயிரும் இதுவே. பலர் தவறுவதும் இங்கேதான். கபில நிற எண்ணெய்த் தீந்தையை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, நுண்ணிய தூரிகை நுனியால் தகடுகளின் பொருத்துவாயில் தொட்டால், அது தானாகவே இடுக்கு வழியே ஓடி நிழலை வரைந்துவிடும். தீந்தையை ஏறத்தாழ முற்றும் துடைத்துவிட்ட உலர் தூரிகையால் விளிம்புகளை வருடினால் மேடுகள் ஒளிபெறும். தீந்தை உரிந்த இடங்களைக் காட்ட ஒரு துண்டு ஸ்பொன்ச் போதும். சங்கிலி நிலத்தில் உராயும் பக்கத்தைப் பென்சிற் கரியால் தேய்த்தால் உருக்கின் பளபளப்பு வந்துவிடும். இவற்றையெல்லாம் கற்றுக்கொண்ட இளைஞன் அடுத்து என்ன செய்வான்? கற்ற அத்தனையையும் ஒரே தாங்கியின்மீது செய்து பார்ப்பான்! எங்குந் துரு, எங்குஞ் சேறு, எங்கும் உரிந்த தீந்தை. நூறாண்டு கடலடியிற் கிடந்ததைக் கரையேற்றினாற் போன்றதொரு காட்சி.

131 ஆம் இலக்கத் தாங்கி ஆபிரிக்க மண்ணில் ஜேர்மனியர் வசம் இருந்தது சில வாரங்களே. கடும் துரு ஏற அங்கே காலமேது? தூசி உண்டு, அது மேற்றட்டையான இடங்களிலும் சங்கிலிக்கு அண்மையிலும் தங்கும். வீரர் ஏறியிறங்கும் வழியில் அவர் சப்பாத்துப் பட்டு அத்தூசி தேய்ந்திருக்கும். எரிபொருள் ஊற்றும் வாயருகே எண்ணெய்க் கறை இருக்கும். ஒவ்வோர் அழுக்குக்கும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும். காரணங் கூற இயலாத அழுக்கு வெறும் அலங்காரமே.

பீடம் அமைப்பதிலும் இதே தவறு நிகழ்வதுண்டு. ஆபிரிக்கா என்றதும் மஞ்சள் மணலைக் குவித்துவிடுகின்றனர். வட துனீசியாவில் மாரி மழை பெய்து, ஏப்ரில் மாதத்திற் பயிரும் காட்டுப் பூக்களும் நிறைந்திருக்கும். தாங்கி பிடிபட்ட இடமாகப் பல்லாண்டு சொல்லப்பட்டு வந்தது ஜெபல் ஜாஃபா என்னும் இடம். நாள் ஏப்ரில் 21. அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சியோ குரியத் எல் அத்தாச் என்னுங் குன்றையும் ஏப்ரில் 24 ஆம் நாளையுங் காட்டியது. பழைய பெயரைப் பீடத்திற் பொறித்து வைத்தவர்கள் பலகையை மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றுவதற்கு நாணாதவனே இக்கலைக்கு உரியவன் எனலாம்.

போர்க்கருவியைப் பொம்மையாக்கி மகிழ்வது தகுமோ என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. புதுத் தீந்தை மின்ன, கீறல் ஒன்றுமின்றிக் கண்ணாடிப் பேழையில் நிற்கும் தாங்கி, போரை ஒரு திருவிழாவாகக் காட்டுகின்றது என்பதை மறுத்தல் அரிது. ஆயின் 131 இன் மேனியில் மூன்று வடுக்கள் உண்டு. 'சேர்ச்சில்' தாங்கிகளிலிருந்து வந்த குண்டுகளின் வடுக்கள் அவை. ஒரு குண்டு பீரங்கிக் குழாயிற் பட்டுத் தெறித்து, சுழற்கோபுரத்தின் வளையத்திற் செருகிக்கொண்டது. கோபுரம் சுழலாது நின்றது. வானொலிக் கருவி சிதைந்தது. சாரதியும் முன்பக்கத்துத் துப்பாக்கியாளனும் காயமுற்றனர். மற்றொன்று கோபுரத்தைத் தூக்குவதற்கான கொளுவியிற் பட்டு, பீரங்கியை உயர்த்தித் தாழ்த்தும் பொறியை முடக்கிற்று. மூன்றாவது, குண்டேற்றுபவனின் மேல்வாயிற் கதவைத் தாக்கிச் சிதறல்களை உள்ளே எறிந்தது. காயப்பட்டோரையும் கொண்டு அவ்வீரர் இறங்கி ஓடினர். தாங்கி அப்போதும் ஓடக்கூடிய நிலையிலேயே நின்றது.

முப்பத்தைந்தில் ஒரு பங்கில் இவ்வடுக்கள் ஒவ்வொன்றும் கடுகளவே. சூடான ஊசி முனையாற் குழித்து, விளிம்பைச் சற்றே உயர்த்தி, நடுவில் உருக்கின் நிறந் தொட்டு வைத்தல் வேண்டும். துருவின் நிறம் இங்கே ஆகாது. காயம் அன்றைய காயம். பெட்டியில் வரும் விரலளவு வீரனை, கோபுர வாயிலில் மார்பு நிமிர்த்தி நிறுத்தப் பலரும் விரும்புவர். மூன்று வடுக்களையும் இட்டவன் அவ்வுருவைப் பெட்டியிலேயே விட்டுவிடுவான். கதவுகளை மட்டும் திறந்தபடி ஒட்டி, உட்புறத்தைக் கறுப்பாக்கி, பீடத்தின் பச்சைப் புல்லிடையே இரண்டொரு காட்டுப் பூக்களை நட்டு வைப்பான்.