கரப்பன் தொற்றாது, கண்ட கிறீமும் பூசாதீர்கள்

(பளைப் பகுதித் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் சங்க அமைப்பாளரான ஆசிரியை ஆற்றிய உரை)



சம்பளமும் சேமலாப நிதியும் பேசுகிற இடத்தில் ரீச்சர் ஏன் கரப்பனைப் பற்றிப் பேசுகிறா என்று நினைப்பீர்கள். என் பிழையைச் சொல்லியே தொடங்குகிறேன். போன வருடம் என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு முழங்கை மடிப்பெல்லாம் கரப்பன். மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று பயந்து அவளைக் கடைசி வாங்கில் தனியே இருத்தினேன். இரண்டு கிழமையில் அவள் பள்ளிக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

எக்ஸிமா எனப்படும் கரப்பன் தொற்றாது. வீட்டில் எல்லோருக்கும் இரவில் கடித்தால் அது சொறியாக இருக்கலாம். அதுதான் தொற்றும், அதற்கு மருந்தும் வேறு.

அவளைத் தேடி வீட்டுக்குப் போனபோது இன்னொன்றும் தெரிந்தது. தாய் கடையில் துண்டில்லாமல் வாங்கிய கிறீமை மாதக்கணக்காகப் பிள்ளையின் முகத்திலும் பூசியிருந்தா. பூசினால் இரண்டு நாளில் மாறும், விட்டால் முன்னையதைவிட மோசமாக வரும். அதில் இருந்தது கடுமையான ஸ்டீரொயிட். நெடுநாள் பூசினால் தோல் மெலியும், நரம்பு தெரியும், முகம் சிவந்து பரு போடும். இந்தியாவில் இப்படி முகம் பழுதானவர்கள் பெருகியதால், 2018இல் அந்த அரசு 14 வகை ஸ்டீரொயிட் பூச்சுகளைத் துண்டில்லாமல் விற்கத் தடை போட்டது.

அதற்காக ஸ்டீரொயிட் நஞ்சல்ல. டொக்டர் சொன்ன வலுவில், சொன்ன இடத்தில், சொன்ன நாளுக்குப் பூசினால் அது நல்ல மருந்து. நெடுநாள் பூசியவர்கள் தாமாக நிறுத்தாமல் டொக்டரிடம் கேளுங்கள்.

ஸ்டீரொயிட் இல்லாத மருந்தும் உண்டு. டக்ரோலிமஸ் என்ற களிம்பு 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 0.03 வீதத்திலும், பெரியவர்களுக்கு 0.1 வீதத்திலும் வருகிறது. இது தோலை மெலிய வைக்காது. அதனால் முகம், கண்ணிமை, கழுத்து மடிப்புகளுக்கு உதவும். முதல் சில நாள் எரியும், பயந்து நிறுத்த வேண்டாம். சீழ் வைத்த புண்ணில் பூசக்கூடாது. இதுவும் டொக்டரின் துண்டுக்குத்தான். விலை கூடியது, எழுதித் தந்தால், ஆஸ்பத்திரியில் கிடைக்குமா, மலிவான வேறு பெயரில் உண்டா என்று கேளுங்கள். 'மூலிகை', 'ஸ்டீரொயிட் இல்லை' என்று எழுதிய சில கிறீம்களைப் பல நாடுகளில் சோதித்தபோது உள்ளே ஸ்டீரொயிட் இருந்திருக்கிறது. பெட்டியை நம்பி ஏமாறாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஈரப்பதம். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர்; சவர்க்காரமும் சேர்ந்தால் தோல் காயும். குறைவாகச் சவர்க்காரம் போட்டுக் குளித்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காயமுன் வாசலின் பூசுங்கள். கரப்பன் இல்லாத நாளிலும் பூசுங்கள். பூசிய உடுப்போடு அடுப்பருகே போகாதீர்கள், துணி இலகுவாகத் தீப்பிடிக்கும். பிலிப்பைன்ஸில் கரப்பன் உள்ள 117 பிள்ளைகளுக்கு 8 வாரம் பூசிப் பார்த்தபோது, சுத்தமான தேங்காயெண்ணெய் கனிய எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. நாம் உரிக்கிற தேங்காயின் எண்ணெய்தான்! ஆனால் கடுமையான கரப்பனுக்கு அது மட்டும் போதாது. கத்தரிக்காய், கருவாடு கரப்பன் பண்டம் என்று பிள்ளையின் சாப்பாட்டை ஒவ்வொன்றாக நிறுத்தி மெலிய விடாதீர்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால்தான் பலர் கடைக் கிறீமோடு நிற்கிறீர்கள். ஆகவே இது சங்கத்தின் வேலையும்தான். கிளினிக் துண்டு காட்டினால் சம்பளம் வெட்டக்கூடாது. மட்டை உரிப்பவர்களுக்கும் தும்பு வேலை செய்பவர்களுக்கும் கையுறையும் கைகழுவ நல்ல தண்ணீரும் தர வேண்டும். இந்த மூன்றையும் அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கையில் சேர்க்க உங்கள் கையொப்பம் வேண்டும்.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கு வருகிறாள், முன் வாங்கில் இருக்கிறாள். கரப்பன் முழுதாக மாறவில்லை, ஆனால் இரவில் நித்திரை கொள்கிறாள்.