தலைமடையும் கடைமடையும்



இன்றைய முதல் வாசகத்தில் யோசேப்பு களஞ்சியங்களைத் திறந்துவிடுகிறார். ஏழு ஆண்டு நல்ல விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து நகர்தோறும் சேர்த்து வைத்திருந்தார். பஞ்சம் வந்தபோது அந்தத் தானியம் எகிப்தியருக்கு மட்டுமல்ல, அவரைக் குழியில் தள்ளி விற்ற அண்ணன்மாருக்கும் சோறு போட்டது.

இதைக் கேட்கையில் நமக்குச் சாத்தனூர் அணை நினைவுக்கு வருகிறது. நந்திமலைப் பக்கம் பிறந்து கிருஷ்ணகிரி வழியாக வரும் தென்பெண்ணையை மறித்து, காமராசர் காலத்தில், 1958-ல் கட்டி முடித்த அணை. 119 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தலாம். கொள்ளளவு சுமார் 732 கோடி கன அடி. நம்மில் பலருக்கு அது முதலைப் பண்ணையும் பொரித்த மீனும்தான். ஆனால் கால்வாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் உழவருக்கு அது யோசேப்பின் களஞ்சியம். மழைக்காலத்தில் வாங்கி வைத்து, வெயில் காலத்தில் கொடுக்கிறது.

2024 டிசம்பரில் அதே அணையின் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் மழை. 1-ஆம் தேதி நம் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் புதையுண்டார்கள்; அதில் ஐந்து பேர் பிள்ளைகள். அன்று நள்ளிரவு கடந்து, அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் வெளியேறியது. விடிவதற்குள் ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. விழுப்புரம், கடலூர் வரைக்கும் வயலும் வீடும் மூழ்கின.

திறந்தது தவறா? நிறைந்த அணையைத் திறக்காமல் வைத்தால் அணையே உடையும். அதைவிடப் பெரிய அழிவு வேறில்லை. ஆகவே அன்று எழுந்த சண்டை திறந்ததைப் பற்றியது அல்ல, சொன்னதைப் பற்றியது. பலமுறை எச்சரித்தோம் என்றது அரசு. எங்கள் காதுக்கு எட்டவில்லை என்றார்கள் மக்கள். அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் ஒன்று தெரிகிறது: செய்தி புறப்படுவது வேறு, நடுச்சாமத்தில் தூங்கும் கிழவியின் காதில் விழுவது வேறு.

நம்முடைய வாழ்விலும் நாம் தலைமடையில் நிற்கும் இடங்கள் உண்டு. ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிறோம்; பக்கத்து நிலத்துக்காரரின் கிணறு வற்றுகிறது. பொதுச்சொத்தை விற்கிறோம், வெளியூரில் கட்டிக்கொடுத்த தங்கைக்குப் பத்திரம் பதிவான பிறகுதான் தெரிகிறது. சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கலாம். தம்பி எங்கே என்று கடவுள் கேட்டபோது காயினும் தனக்குப் பொறுப்பில்லை என்றுதான் பேசினான். யோசேப்போ, தன் கையில் சாவி இருந்தபோது, கடைமடையில் நிற்பவர்கள் தன் சொந்த இரத்தம் என்று கண்டு, தனியே போய் அழுதார்.

ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. ஆற்றோரத்திலும் மலைச்சரிவிலும் இருக்கும் அன்பியங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு தாள் எடுத்து எழுதுங்கள்: தனியாக இருக்கும் முதியோர் யார், கைபேசி இல்லாதவர் யார், இரவில் அவர்கள் கதவைத் தட்டப் போகிறவர் யார். கோயிலுக்கு வராத வீடுகளையும், வேறு சமய வீடுகளையும் அதே தாளில் எழுதுங்கள். பங்கு இல்லத்தின் சாவி மழைக்காலம் முழுவதும் உபதேசியாரிடமும் ஒன்று இருக்கும்.